யோகட்டைத் திருப்பிப் பார்த்த பேணுதல்காரன்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். பேனையைப் பிடித்தாலே கொட்டாவி வரும். ஆனால் ஊர் கதையை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறது. அதுதான் எழுதுகிறேன்.

எலுவன்குளத்தில் மாமாவின் வயலுக்குப் போன இடத்தில் உண்ணி கடித்தது. அதன் பிறகு மாட்டிறைச்சி தின்றால் சில மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைக்கும். ஆட்டிறைச்சியும் அப்படித்தான். மாட்டின் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலட்டின்கூட ஆகாது என்று டொக்டர் சொல்லி, அந்தச் சொல்லை இங்கிலீசில் ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். கடையில் யோகட், ஜெலி, சூப் கட்டி எதை எடுத்தாலும் திருப்பிப் பிடித்து, துண்டோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பேன்.

பார்த்தவர்கள் நான் ஹலால் தேடுகிறேன் என்று முடிவுகட்டினார்கள். ஒருநாள் ஹலால் முத்திரை இருந்த யோகட்டையே திரும்ப வைத்தபோது, கடைக்கார நானா அசந்துபோனார்.

"முத்திரை இருந்தும் நம்ப மாட்டியா? மார்க்கத்துல என்ன பேணுதல்டா மகன்!"

தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. பள்ளிவாசல் வாசலில் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்து வாங்கிய கெட்ட பெயர் இரண்டே மாதத்தில் கழுவிப் போனது.

புதுப் பெயர் உப்பளம் வைத்திருக்கிற ஒரு ஹாஜியார் வரை போனது. அவருடைய மகளை எனக்குக் கேட்கத்தான் உம்மா பயந்துகொண்டிருந்தார். இப்போது ஹாஜியாரே பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

என் பீங்கானில் சோறு தெரியாத அளவுக்கு மாட்டிறைச்சி.

"பயப்படாம தின்னுங்க மகன். நானே பக்கத்துல நின்டு அறுப்பிச்ச மாடு."

தின்றால் தொண்டை போகும். தின்னாவிட்டால் பெண் போய்விடுவாள். ஆனால் தொண்டை இல்லாதவன் நிக்காஹ்வில் சம்மதமென்று 'கபூல்' சொல்வது எப்படி? உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பேணுதலெல்லாம்?"

"உண்ணி தந்தது, ஹாஜியார்."

ஹாஜியார் என் பீங்கானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மீன் இருந்தா பொரிங்க புள்ள" என்றார். கடைசியில் யோகட் வந்தது. என் கை நீளுமுன் அவரே எடுத்து, கண்ணாடியைப் போட்டு வாசித்து, எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். அடுத்த கிழமை, சம்மதம் என்று ஆள் அனுப்பினார்.

கல்யாண வீடுகளில் என்னோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து இறைச்சி தின்ற கூட்டாளியிடம் ஓடினேன்.

"மச்சான், கல்யாணம் சரி! ஆனா சாப்பாடு மீன்தான்."

"அப்ப நீ கல்யாணத்த முடி, நான் வீட்டுல தின்டுட்டு வாறன்."