பின்னால் போகாத ஜீப்

எண்பத்து மூன்றாம் வருடம் அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டியவர் வியாகுலம். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. எந்நேரமும் சிரித்த முகம். அவருடைய ஜீப்பில் ரிவர்ஸ் கியர் மட்டும் விழாது. மலைமேல் மைதானத்தில் ஒரு வட்டம், கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வட்டம் என்று திருப்பிக்கொண்டு, அந்தக் குறையை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தார்.

மலைச்சாலை வெறும் சரளைக்கல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில் காடு சரிந்து இறங்கும் பள்ளம். அங்கேதான் ஒருநாள் புளி ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது.

“பத்தடி பின்னால எடுங்கண்ணா, ஒதுங்க எடம் இருக்குது,” என்றான் லாரி டிரைவர் மாதையன்.

கியர் விழாது என்று சொன்னால் உள்ளே இருப்பவர்கள் அப்போதே இறங்கி நடப்பார்கள். வியாகுலம் கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார்.

“முடியாதுப்பா. வூட்டுக்காரிக்கு ஒடம்பு சொகமாவணும்னு, வண்டியப் பின்னால எடுக்கறதில்லன்னு மாதாவுக்கு வேண்டுதல்.”

மாதையன் தலைத்துண்டை அவிழ்த்து, படத்தைக் கும்பிட்டு, அவ்வளவு பாரத்தோடு லாரியை இரண்டு வளைவு பின்னாலேயே ஏற்றினான்.

செய்தி மலையெங்கும் பரவியது. வியாகுலத்தின் ஹாரன் கேட்டாலே மற்ற வண்டிகள் ஒதுங்கின. அவர் மனைவி புஷ்பமேரிக்குத்தான் தொல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள்.

“எனக்கு இன்னா வியாதின்னாச்சும் சொல்லித் தொலைங்க. ரோசம்மாகிட்ட தலைசுத்தல்னேன், இன்னொருத்திகிட்ட வயித்துவலின்னேன். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு செபம் பண்றாங்க,” என்று சண்டை பிடித்தாள்.

அவளுக்குப் பயந்தே கியரைச் சரிசெய்தார். ஆனால் அதைப் போடத்தான் வழியில்லை. வேண்டுதலை முறித்தவன் வண்டியில் யார் ஏறுவார்கள்?

மார்கழியில் ஒரு காலை, மேட்டு வளைவில் பனி விலகியபோது சாலை நடுவே ஒரு காட்டெருமை நின்றது. புஸ்ஸென்று மூச்சுவிட்டு, தலையைத் தாழ்த்தி, ஓரடி முன்னால் வைத்தது. வியாகுலத்தின் கை தானாகவே ரிவர்ஸைப் போட்டது. ஜீப் சரளையைச் சிதறடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்து, அகலமான ஓர் இடத்தில் போய் நின்றது.

“வேண்டுதல் இன்னாப்பா ஆச்சு?” முன் சீட்டில் கோழியோடு உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாள் கேட்டாள்.

“வேண்டுதல்லாம் இல்லீங்க ஆத்தா. கியர் ரிப்பேரா இருந்துச்சு. சொன்னா ஏற மாட்டீங்கன்னு...”

பின்னாலிருந்து ஒருவர் குபீரென்று சிரித்தார். சிரிப்பு தொற்றிக்கொண்டு ஜீப்பே குலுங்கியது.

“அடப்பாவி! அந்த வண்டியிலயா இத்தினி நாளு எங்கள ஏத்திக்கிட்டு வந்த?” என்று திட்டிக்கொண்டே தீர்த்தம்மாள் மடியிலிருந்த அவித்த கடலையைப் பிரித்து, அவருக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். காட்டெருமை சாவகாசமாக மேய்ந்து மூங்கிலுக்குள் இறங்கும்வரை எல்லாரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.