எஞ்சினுக்குப் பூசிய அழுக்கு

கட்டுகஸ்தோட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கும் பஹீம், ஓய்வு நேரங்களில் சாண் நீள ரயில் எஞ்சின்கள் செய்வார். ஓய்வுபெற்ற சாரதி வீரசிங்கம், தாம் ஓட்டிய டீசல் எஞ்சினின் படத்தைக் கொடுத்து, அப்படியே ஒன்று கேட்டிருந்தார். செய்து முடிக்க நான்கு மாதம். படத்திலிருந்த துருவையும் எண்ணெய்க் கறையையும் பூச இன்னொரு மாதம். “இதுதான்” என்று சாரதி ஒரு வார்த்தை சொன்னால் பஹீமுக்குப் போதும்.

வீரசிங்கம் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது ஆரின்ரை எஞ்சின், தம்பி?”

“உங்கடதான் ஐயா. நீங்க தந்த படத்தப் பாத்துத்தான் செஞ்சேன்.”

“அது நான் லீவிலை நிண்ட கிழமை ஆரோ எடுத்தது. என்னட்டை வேறை படம் இல்லை. துடைக்காமல் நான் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை.”

பஹீம் பஞ்சைத் தின்னரில் நனைத்து, ஒரு மாத வேலையைப் பத்து நிமிடத்தில் துடைத்தார். அடியிலிருந்த சிவப்பு பளபளத்தது. வீரசிங்கத்தின் முகம் இன்னும் சுருங்கியது.

“இப்ப விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு.”

“அப்ப திரும்பப் பூசவா ஐயா?”

“பூசுங்கோ. ஆனா ஊத்தையா இருக்கக் கூடாது.”

பஹீம் தூரிகையை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.