மூன்றாவது ஆக்டோபஸ்

என் தம்பி ஜெயித்தவை: சக்கர நட்டு முடுக்கி முடுக்கித் தடித்துப்போன பத்து விரல்கள், டயர் கடையில் கூட வேலை பார்க்கும் நான்கு பேரின் வாய், குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். மூன்றாவதுதான் லேசில் மசியவில்லை.

என் மகள் ஏழு வாரம் முன்னதாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். கை சும்மா இருக்காது. மூக்கில் போட்டிருந்த பால் குழாயை ஒரே நாளில் மூன்று முறை இழுத்தெடுத்தாள். திரும்ப மாட்டும்போது அவள் அழ, பக்கத்தில் நான் அழ. பருத்தி நூலில் பின்னிய ஆக்டோபஸ் வைத்தால் அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு குழாயை மறந்தாலும் மறப்பாள், முயன்று பார்க்கலாம் என்றார் தலைமை நர்ஸ். எனக்கோ ஆபரேஷன் தையல் வலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பின்ன முடியவில்லை.

"மாமன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்றான் தம்பி.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். எழுதி வைத்த பின்னல் குறிப்பு அவனுக்கு ஆகாது. போனில் வீடியோ பார்த்து, கொக்கி ஊசி வாங்கி, மதிய இடைவேளையில் பின்னினான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு நட்டை எடுத்து டப்பாவில் போட்டுக் கணக்கு வைத்தான். ட்யூபுக்கு ஸ்வெட்டரா என்று கடையில் கேட்டார்களாம். ஆமா, உங்க வாய்க்கும் ஒண்ணு பின்னித் தர்றேன் என்றானாம்.

முதல் ஆக்டோபஸை நர்ஸ் அழுத்திப் பார்த்தார். அமுங்கவில்லை. நட்டை முடுக்குவது போலவே நூலையும் முடுக்கியிருந்தான்.

"தம்பி, இத விட்டெறிஞ்சா ஜன்னல் உடையும்."

இரண்டாவது பஞ்சு போல் இருந்தது. ஆனால் அழகுக்காக இரண்டு பொத்தானைக் கண்ணாக வைத்துவிட்டான். பிய்ந்து வாய்க்குள் போகும் என்று அதையும் திருப்பினார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: பொம்மை தேறினால், செய்தவரே வார்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மை டப்பா உள்ளே வரக்கூடாது, அதனால் கைநாட்டு செல்லாது.

அவன் முகம் வாடிவிட்டது. இருபத்தெட்டு வயது வரை எல்லா இடத்திலும் கட்டைவிரல்தான்.

"அக்கா, எனக்காக நீ போட்டுடேன்."

"நீ பின்னினத நான் பின்னினேன்னு எழுதச் சொல்றியா?"

தன் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனான்.

அடுத்த நான்கு நாள் நடந்ததை அவன் முதலாளி எனக்குப் போன் செய்து சொன்னார். பஞ்சர் அடையாளம் போடும் சாக்பீஸை எடுத்துக் கையில் கிடைத்த டயரில் எல்லாம் பெயர் எழுதியிருக்கிறான்.

"வண்டிக்காரங்க சண்டைக்கு வர்றாங்கம்மா. என் டயர் எப்படா உன் சொத்தாச்சுன்னு கேக்கறாங்க."

மூன்றாவது ஆக்டோபஸ் இளநீலம். கண்கள் கறுப்பு நூலில் தைத்தவை. நர்ஸ் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், தலையைக் கசக்கினார், கொதிநீரில் அலச அனுப்பினார். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்தார். தம்பி பேனாவைச் சாக்பீஸ் போலப் பிடித்தான். ஐந்து எழுத்துக்கு இரண்டு நிமிடம். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஏறிவிட்டது.

"தெளிவா இருக்கு. எங்க டாக்டர் கையெழுத்தவிடத் தேவலாம்" என்றார் நர்ஸ்.

காய்ந்த பொம்மையை மறுநாள் காலை பெட்டிக்குள் வைத்தார்கள். மகள் ஒரு காலைப் பிடித்தாள். அன்று முழுக்கக் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

வார்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து இதை எழுதுகிறேன். பதினேழாவது வரி, தம்பியின் முதல் கையெழுத்து: 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.