நைனாவை மேஸ்திரி ஆக்கிய நாள்

கல்யாணமாகி ஐந்து மாதம் கழித்து, என் மாமனாரும் மாமியாரும் பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்கு முதல்முறையாக வருவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் தங்குவார்களாம். கேட்டதுமே எனக்கு எங்கள் வீட்டுக் குளியலறைதான் ஞாபகம் வந்தது.

ஆந்திராவில், சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் சேர்ந்த பிறகு வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினோம். குளியலறையை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பூசாத செங்கல் சுவர், வெடித்த சிமெண்டுத் தரை, ஒரு மூலையில் துணி துவைக்கும் கல், கதவுக்குப் பதில் ஒரு தகரம். என் மனைவி அங்கே வந்து தங்கியபோதெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாமல் இருந்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் ஊரில் வீட்டுக்கு போன் இணைப்பு வந்திருந்தது. பெங்களூரிலிருந்து அப்பாவுக்கு போன் செய்து, "பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டுடலாம் நைனா" என்றேன்.

"இருக்கறதுக்கு இன்னாடா?" என்றார். பிறகு அவரே, "சரி, போட்டுடு. ஆனா நானும் வருவேன். கல்லு பாத்து எடுக்கணும்" என்றார்.

கல் பார்க்க நைனாவுக்குத் தெரியும். நிலமில்லாத வீட்டில் பிறந்தவர். மாங்காய்க் காலத்தில் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் லாரியிலிருந்து கூடை இறக்குவார். மற்ற மாதங்களில் கட்டட வேலை. சிமெண்டு கலப்பார், செங்கல் சுமப்பார். முப்பது வருஷம் அந்த வேலைக்குப் போயும் பூச்சுக் கரணையை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. கடைசிவரை கூலி ஆள்தான். நான் வேலைக்குப் போன பிறகு ஒன்றரை ஏக்கர் வாங்கினோம். அதில் வேர்க்கடலை போட்டுக்கொண்டு, யாருக்கும் கைகட்டி நிற்காமல் இருந்தார்.

சித்தூரிலேயே டைல்ஸ் கடைகள் இருந்தன. திருப்பதிக்குத்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே புதிதாகத் திறந்த ஒரு ஷோரூமில் பாத்ரூம்களை அப்படியே கட்டிக் காட்டுகிறார்கள் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில்தான் நிலத்துக்குக் கரண்டு வந்தது. நைனா மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டு, கால் கழுவிக்கொண்டு நேராகக் கிளம்பிவிட்டார். சட்டையில் மோட்டார் கிரீஸ் அப்பியிருந்தது. காலர் கிழிந்திருந்தது.

"சட்டைய மாத்திக்க நைனா."

"பஸ்ஸு பூடும்டா. கல்லு வாங்கத்தான போறோம், பொண்ணு பாக்கவா போறோம்?"

ஷோரூமுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. நைனா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நான் ஷூவோடு உள்ளே போயிருந்தேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து என்னிடம் தெலுங்கில் பேசத் தொடங்கினார். என் வயதுதான் இருக்கும். நான் சுவரில் மின்னிய கல்லையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு டைல்ஸைத் திருப்பி அதன் முதுகைத் தடவினார். பிறகு விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டார்.

விற்பனையாளர் அதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "மீ மேஸ்த்ரீனா சார்?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் மேஸ்திரியா என்று.

"மா நான்ன" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பா என்று. இரண்டே சொல் போதும். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் எத்தனையோ முறை சொன்ன சொற்கள். அதைச் சொல்லாமல், ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பக்கத்து சோபாவில் என்னைப் போலவே உடுத்தியிருந்த ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

நைனாவுக்கு என்னைவிடத் தெலுங்கு நன்றாக வரும். நான்கடி தூரத்தில்தான் இருந்தார். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினார்.

அதன் பிறகு எனக்கு நாற்காலி வந்தது, கூல்டிரிங் வந்தது. நைனாவை அந்த ஆள் ஒருமையில் கூப்பிட்டு, பின்கட்டில் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்க்கச் சொன்னார். நைனாவும் போனார். இதற்குள் நான் தரைக்கு ஒரு க்ரீம் நிறக் கல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் பளபளத்தது. பில் போடச் சொல்லப் போகும்போது நைனா திரும்பி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அது வேணாம் சார். தண்ணி பட்டா வழுக்கும். வயசானவங்க பொழங்கற எடம். சொரசொரப்பா எடுங்க சார்."

சார் என்றார். என்னை.

அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். நைனா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். நான் சொன்னது, "சரி, நீங்க சொல்றதையே எடுத்துடலாம்."

எங்கள் வீட்டில் நைனாவை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அவ்வளவு மரியாதையாக நான் அவரிடம் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். "நைனா, அந்தாளு கேட்டப்ப நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பசிக்குதுடா. எதுனா துன்னுட்டுப் போலாம்" என்றார்.

இட்லி சாப்பிடும்போது, தண்ணீர் வடியத் தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் வைக்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசினார். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். தூங்கினாரா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாரா என்று தெரியாது.

டைல்ஸ் ஒட்டச் சித்தூரிலிருந்து ஒருவர் வந்தார். நைனாவே அவருக்கு சிமெண்டு கலந்து கொடுத்தார். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வேலை நான்கு நாளில் முடிந்தது. அந்தச் சனிக்கிழமையே மாமனாரும் மாமியாரும் என் மனைவியோடு வந்தார்கள். யாரும் சொல்லாமலே நைனா அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

மாமனார் குளித்துவிட்டு வந்து, "பாத்ரூம் ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம்கூட வழுக்கல. யார் செலக்ஷன்?" என்று கேட்டார்.

நைனா உற்சாகமாக முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். "ஒரு தமாசு கேளுங்க சம்மந்தி. கடக்காரன் என்னப் பாத்து மேஸ்திரின்னு நெனச்சிக்கினான். முப்பது வருசம் கல்லு சொமந்தும் ஒருத்தன் என்ன மேஸ்திரி ஆக்கல. அவன் ஒரே நாள்ல ஆக்கிட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார், "அய்யோ, அப்புறம்?" என்றார்.

"அப்புறம் இன்னா? எம்புள்ள சும்மா இருப்பானா? எங்க நைனாயா இவருன்னு ஒரு சத்தம் போட்டான். அந்தாளு மொகத்த பாக்கணுமே. உடனே எனக்கு நாற்காலி போட்டு, கூல்டிரிங் குட்த்தான்."

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிப் பெருமையாக அவள் அதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, "ஏன் நைனா அப்டி சொன்ன?" என்று கேட்டேன். "வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு நிலத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் கம்பெனி எங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே நண்பர்கள் வீட்டு விருந்துகளில் என் மனைவி அந்தக் கதையைச் சொல்வாள், நைனா சொன்ன மாதிரியே, அந்த நாற்காலியோடும் கூல்டிரிங்கோடும். கேட்பவர்கள் என் தோளைத் தட்டுவார்கள். நான்கைந்து முறை பொறுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை மாலை விருந்து முடிந்து திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன்.

அவள் சீட் பெல்டைக் கழற்றி என் பக்கம் திரும்பினாள். பிறகு, "நீ தலையாட்டினதை மாமா பார்த்தாரா?" என்றாள்.

"பார்க்கல. ஆனா அந்தாளு கேட்டது அவர் காதுல விழுந்துச்சு. நான் பதில் சொல்லலன்னும் தெரியும்."

"இவ்வளவு நாளா அவர்கிட்ட மன்னிப்பு கேக்கலையா?"

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். அங்கே ஞாயிறு காலை. நைனாதான் எடுத்தார். இந்த முறை பேச்சை மாற்ற அவருக்கு இடம் கொடுக்காமல், தலையாட்டியது, 'நீங்க' என்றது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, தப்பு பண்ணிட்டேன் நைனா என்றேன்.

"அதயா இன்னும் நெனச்சிக்கினு கீற?" என்றார்.

அவருக்குப் பின்னால் எங்கோ மாடு கத்தும் சத்தம் கேட்டது.

"கஷ்டமாத்தான்டா இருந்துச்சி" என்றார். "இல்லன்னு சொன்னா பொய்யி."

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தார்.