இறங்கிக்கொண்டே போன எண்

பெரியம்மா தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்த காலைதான் முதலில் ஞாபகம் வருகிறது. திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் வழியில் லோரியை நிறுத்திவிட்டு, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். முட்டை இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத மனுஷி அவள். "இனி கவிச்சியே தொடறதில்லடா. ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். என் அம்மாவின் அக்கா. வயசுக்கு வந்ததிலிருந்து கொழுந்து கிள்ளியவள்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றிருந்தார்கள். டாக்டர் கிரியேட்டினின் என்ற ஒரே ஒரு எண்ணைச் சொல்லி, அது ஏறக்கூடாது, இறைச்சியைக் குறையுங்கள் என்றார். எங்கள் தோட்டத்தில் டாக்டர் சொன்னதை மாரியம்மன் முன்னால் ஒரு தடவை சொன்னால்தான் அது உறுதிப்படும். அப்படிச் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிடுவார்கள். 'குறை' என்றது 'விடு' என்றாகி, மீன், முட்டை, பருப்பு எல்லாம் போய், கஞ்சியும் ஒரு துவையலும் மிஞ்சின.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. "பாகுஸ், ஆன்ட்டி" என்றார் டாக்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். நல்லதாம். அதற்கடுத்த முறையும் இறங்கியது, அதே பாகுஸ். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து லைன் முழுக்கக் கொடுத்தோம். நாற்றுமேட்டில் லேசான வேலை கொடுத்திருந்த கங்காணி, "ரத்தந்தான் நல்லாயிருச்சே, மலைக்கு வந்துரலாம்லா" என்று மறுபடியும் கொழுந்தெடுக்க அனுப்பினார். கண் திறந்த ஆத்தா, விரதத்தை விட்டால் கோபித்துக்கொள்வாள் என்று பெரியம்மா இன்னும் கடுமையாக இருந்தாள்.

வளையல் முழங்கைவரை ஏறியது. கூடையை முதுகில் ஏற்ற இன்னொருத்தி கைகொடுக்க வேண்டியிருந்தது. பாதம் மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. "ரொம்ப எளைச்சிட்டியேக்கா" என்று அம்மா கேட்டபோது, "நோவு எறங்குதுல்ல, ஒடம்பும் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும்" என்று சிரித்தாள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. மலையிறங்கி ஈப்போவுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டரம்மா திரையைப் பார்க்கும் முன்னால் பெரியம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரித்தார். பிறகு என்னை வெளியே அழைத்துப்போய்த் தமிழிலேயே சொன்னார். "கிரியேட்டினின் சதையிலேர்ந்து வர்றது தம்பி. சதை கரைஞ்சதால அது எறங்கியிருக்கு, கிட்னி நல்லானதால இல்ல. அதே ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதச்சத்தையும் பார்ப்பாங்க. அது ஒவ்வொரு தடவையும் விழுந்துக்கிட்டே வந்திருக்கு. கிட்னி நோயாளிக்கு அது இப்படி விழுந்தா உயிருக்கே ஆபத்து. யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. பெரியம்மா அந்த வார்டைவிட்டு உயிரோடு வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், படிக்காத ஜனங்கள், விரதம் விரதம் என்று உயிரை விட்டுவிடுகிறார்கள் என்று பேசிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் விரதம் இருந்தது உண்மைதான். அந்த விரதத்துக்குப் பாகுஸ் சொன்னது யார்? ஒவ்வொரு முறையும் அதே கையைப் பிடித்துத்தானே ஊசி குத்தினார்கள்? குச்சியாகிப் போன கையை ஒருவர்கூடவா பார்க்கவில்லை? அவள் உருகிக்கொண்டிருந்ததற்கு நாங்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

இப்போது அம்மாவுக்கும் அதே நோய். போன மாதம் அதே கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். புதிதாக வந்திருக்கும் டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான், சின்னப் பெண். "கிரியேட்டினின் கொஞ்சம் கொறஞ்சிருக்கு, நல்லதுதான் அண்ணே" என்றார். ஆல்புமின் எப்படி என்று கேட்டேன். திரையில் விரலை ஒரு தடவை அசைத்து, அடுத்த நொடியே சொல்லிவிட்டார். இறங்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவ்வளவு சுலபம். இதை எப்போதிருந்து பார்க்கிறீர்கள் என்றேன்.

"எப்பவுமே சேர்த்துத்தான் பார்க்கிறோம் அண்ணே. கேட்டா சொல்லிருவோம்."

கேட்டால் சொல்லிவிடுவார்களாம். துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே பேச்சை நிறுத்திப் பழகியவள் பெரியம்மா. கணக்கெழுதும் கிராணியிடம்கூட வாய் திறந்து ஒன்று கேட்டறியாதவள், டாக்டரிடம் என்னவென்று கேட்டிருப்பாள்? அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் உயர்ந்துவிட்டது. "கேக்கத் தெரியாதவங்க சாகணுமா டாக்டர்?" என்றேன்.

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சத்தம் போடாதடா. டாக்டரு கோவிச்சுக்கிட்டா அப்புறம் நம்மள யாரு பார்ப்பா?"