விபூதி மடித்த டிராக்டர்

எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரியாது. நாங்கள் அண்ணாமலையார் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்கிற குடும்பம். ஆனால் அந்த நாளில் திருவண்ணாமலையில் டிராக்டரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் அவரை நான் பார்த்திருப்பேன். பார்க்கவில்லை. அதனால் அப்படி ஒருவர் இல்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அது தொடங்கியது. இங்கிலீஷ் பேப்பரில் டிராக்டர் விளம்பரங்கள் வரும். அடியில் பொடி எழுத்தில், படங்களுடன் கூடிய கேட்லாக் வேண்டுவோர் எழுதவும் என்று ஒரு விலாசம் இருக்கும். நான் எழுதினேன். பள்ளி இறுதி வரை படித்த இங்கிலீஷை வேறு எதற்கு வைத்திருப்பது? திருவண்ணாமலையில் நிலம் இருக்கிறது, டிராக்டர் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பம் என்று கார்டு போடுவேன். நிலம் இருக்கத்தானே செய்கிறது. யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை.

சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கனத்த உறைகள் வந்து சேர்ந்தன. வழவழப்பான தாள், மை வாசனை, சிவப்பிலும் நீலத்திலும் மின்னும் இயந்திரங்கள். முடிவே தெரியாத வயலில் தொப்பி வைத்த ஒருவன் சிரித்துக்கொண்டு ஓட்டுவான். நான் படத்தோடு நிற்கிறவன் அல்ல. கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் குதிரைத் திறன், கியர், எடை, எவ்வளவு இடம் இருந்தால் வண்டி திரும்பும் என்ற கணக்கு, எல்லாவற்றையும் ருத்ரம் மாதிரி நெட்டுருப் போட்டிருந்தேன். ஒருமுறை ஒரு கம்பெனி ஆள் ஜீப் எடுத்துக்கொண்டு மாட வீதிக்கே வந்துவிட்டார், பண்ணையார் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு. நான் இடுப்பில் ஈரத் துண்டும் கையில் நைவேத்தியப் பாத்திரமுமாக எதிரே வந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்ததற்கு ஒரு கேட்லாக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

வீட்டில் இதற்கு எதிர்ப்பும் இல்லை, மதிப்பும் இல்லை. அப்பா அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. கல்யாணமாகி வந்து சில மாதமே ஆன என் மனைவி மட்டும், வாசலில் மாட்டு வண்டி போனால் என்னைக் கூப்பிட்டு, அதற்கு எத்தனை குதிரைத் திறன் என்று கேட்பாள்.

அந்த வருஷம் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய சமயம். எங்களைப் போன்ற வீடுகளில் அந்தப் பத்து நாளும் வேறு வேலை இல்லை. சன்னதியில் கொடுக்க விபூதிப் பொட்டணம் மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தாளைச் சதுரமாகக் கத்தரித்து, நடுவில் ஒரு சிட்டிகை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, ஒரு நுனியை இன்னொன்றுக்குள் செருகினால் ஒரு பொட்டணம். வருஷம் முழுக்கச் சேர்த்த பழைய காகிதம் எல்லாம் இதற்குத்தான்.

உச்சிக்காலம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அப்பாவும் மனைவியும் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மடியில் சிவப்பாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தேன். டிராக்டர் சக்கரத்தில் பாதி.

முதல் நாள் வந்த பம்பாய் கேட்லாக் அது. பெட்டியில் வைக்க நேரமில்லாமல் ஜன்னலில் வைத்திருந்தேன். என்னிடம் இருந்ததிலேயே அழகானது. இப்படியா செய்வது என்று கத்தினேன். அவளோ நிதானமாகச் சொன்னாள்:

“நியூஸ் பேப்பர்ல மடிச்சா விபூதி கசியறது. மை வேற ஒட்டிக்கறது. இது வழவழன்னு இருக்கு, ஒரு பொட்டு கொட்டலை.”

அப்பா ஒரு பொட்டணத்தைத் தூக்கிப் பார்த்து, லட்சணமாக இருக்கிறது என்று மெச்சினார். எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். முதல் தட்டு ஏற்கெனவே சன்னதிக்குப் போய் சுவாமி முன்னால் வைத்தாகிவிட்டது, இனி அது பிரசாதம், உன் காகிதம் இல்லை என்று அப்பா ஒரே வரியில் முடித்தார்.

அன்று சாயங்காலம் சன்னதியில் பொட்டணம் கொடுக்கிற முறை யாருடையது? என்னுடையது. என் கேட்லாக்கை என் கையாலேயே ஊருக்குப் பங்கு வைத்தேன். ஸ்டியரிங் ஒரு போலீஸ்காரருக்குப் போயிற்று. சைலன்சர் ஒரு சேலத்து அம்மாளுக்கு. தொப்பிக்காரனின் சிரிப்பு யாருக்குப் போயிற்று என்று தெரியவில்லை. வாங்கிய ஒவ்வொருவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்த மரியாதையை என் வீட்டில் யாரும் அதற்குக் காட்டியதில்லை.

மறுநாள் காலை வாசலில் சலங்கை கேட்டது. அடி அண்ணாமலைக் குடியானவர் ஒருவர், எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர், ஒரு ஜோடி வெள்ளைக் காளைகளோடு நின்றுகொண்டிருந்தார். தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழி. அந்தக் காளைகளை எனக்குத் தெரியும். கிரிவலம் போகும்போதெல்லாம் அவர் கிணற்றில் கவலைச் சால் இழுத்து, முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

அவர் முகம் பூரித்துக் கிடந்தது. அப்பாவிடம் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லிவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“நேத்து சாமிகிட்ட கேட்டுக்கினேங்க. மாட்ட வித்துட்டு டிராக்டர் வாங்கட்டுமா, வோணாமானு. சின்னய்யருதான் இதக் குடுத்தாரு. வெளிய வந்து பாக்கறேன், டிராக்டர்.”

கடைசித் தாளில் இருந்த முழு டிராக்டரின் சின்னப் படம் அது. அந்தக் கேட்லாக்கிலேயே ஒரு சதுரத்துக்குள் முழு வண்டியும் அடங்குகிற படம் அது ஒன்றுதான்.

அவர் விவரத்தைச் சொன்னார். மாடுகள் ஓய்ந்துவிட்டன, உழவு நேரத்தில் படுத்துவிடுகின்றன. சந்தையில் கொட்டகை போட்டிருக்கும் டிராக்டர் கம்பெனி ஆள், மாட்டு விலையை முன்பணமாகக் கட்டி, நிலத்தை அடமானம் எழுதினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் தரகர் வந்து துண்டுக்குள் கை விட்டு விலை பேசப் போகிறார். சாமியே உத்தரவு கொடுத்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

எனக்கு யோசிக்க நிறைய இருந்தது. அவர் நிலம் எனக்குத் தெரியும். மலையடிவாரத்தில் படிப்படியாக மூன்று துண்டு, நடுவில் பாறை, சுற்றிலும் வரப்பு. டிராக்டரை உள்ளே விட்டால் திருப்பவே முடியாது. மாடும் போய், நிலமும் போய், மனுஷன் நடுத்தெருவில் நிற்பார். ஒரு டிராக்டர் வேண்டாம் என்று சொல்லும் நிலைமை எனக்கு, பாருங்கள், எனக்கு வந்தது. அப்பா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பிரசாதத்தை வெறும் காகிதம் என்று சொல்லும் வார்த்தை நம் வாயிலிருந்து வரக் கூடாது என்று எச்சரித்தார்.

நான் வெறும் காகிதம் என்று சொல்லவில்லை. அது என் காகிதம் என்றுதான் சொன்னேன். பம்பாயிலிருந்து எனக்கு வந்தது, வீட்டில் தெரியாமல் கத்தரித்துவிட்டார்கள் என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“காயிதம் யாருதா இருந்தா என்னாங்க? அத்தினி ஜனத்துல எனக்குத்தான வந்துச்சு?”

அப்பா மீசைக்குள் சிரிக்க அவருக்கு மீசை கிடையாது, ஆனால் சிரித்தார்.

சரி, சாமி விஷயம் இருக்கட்டும், வண்டி விஷயத்தைப் பார்ப்போம் என்று தெருவில் இறங்கினேன். கோல மாவு கொண்டுவரச் சொன்னேன். மனைவி ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்தாள். அந்த டிராக்டர் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். நான் அளந்து நடக்க நடக்க அவள் பின்னாலேயே மாவை இழுத்து வந்தாள். மாட வீதியின் இந்தத் திண்ணையிலிருந்து அந்தத் திண்ணை வரை ஒரு வட்டம் விழுந்தது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

“இவ்ளோ இடம் இருந்தாத்தான் அது ஒரு தடவை திரும்பும். உங்க மேட்டுத் துண்டு இதைவிட ஜாஸ்தியா கம்மியா?”

அவர் வட்டத்தைச் சுற்றி நடந்தார். நிலத்தில் பிறந்தவர், நடந்தே அளந்துவிட்டார். கம்மிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உத்தரவு வந்துவிட்டதே, அதை மீறி வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் எனக்கு வட்டம் போட்ட பெருமையெல்லாம் போய்விட்டது. மனிதர் உண்மையிலேயே பயந்திருந்தார்.

அந்தக் காகிதத் துண்டைக் கொடுங்கள், பார்க்கிறேன் என்று வாங்கினேன். திருப்பினேன். அப்போதுதான் நினைவு வந்தது. அதே கம்பெனி கிணற்றுக்கு ஆயில் இஞ்சினும் செய்தது. டிராக்டருக்குப் பின்பக்கம் அந்த இஞ்சின் படம். மடிப்புக் கோடுகளில் இன்னும் வெள்ளையாக விபூதி ஒட்டிக்கொண்டிருந்தது, இஞ்சின் பக்கத்தில்.

“விபூதி எந்தப் பக்கம் இருந்துச்சு, பாருங்க. சாமி குடுத்தது உள்ள இருக்கறது.”

அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் மேலே பேசினேன். மாடு உழுது ஓயவில்லை, தண்ணீர் இறைத்து ஓய்கிறது. அந்தச் சுமையை இஞ்சின் வாங்கிக்கொண்டால் இதே மாடு உழும். கடலை விற்று வருகிற பணத்துக்குள் இஞ்சின் வந்துவிடும். நிலத்தைத் தொட வேண்டாம். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. அப்பா முதல் தடவையாக என் பேச்சுக்கு நடுவே, ஆமாம், பிரசாதம் உள்ளே இருப்பதுதான் என்று தானாகச் சொன்னார்.

அவர் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சந்தைப் பக்கம் பார்த்து நின்ற காளைகளைத் திருப்பினார். அவை வட்டத்தில் கால்வாசி இடத்துக்குள் திரும்பிவிட்டன. மற்றது கிடக்கட்டும், அந்தத் துண்டை எனக்குத் தரலாமே என்று கேட்டேன். கேட்லாக்கில் மிச்சமிருந்த தாள்களோடு வைத்துக்கொள்ள ஆசை. அவர் கைகூப்பினாரே தவிர, கொடுக்கவில்லை.

அடுத்த கோடையில் ஒரு பௌர்ணமி, வெயில் தாழ்ந்த நேரம், நானும் மனைவியும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையை நெருங்கும்போதே டுப் டுப் என்று சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்து, எத்தனை குதிரைத் திறன் என்று கேட்டாள். சொன்னேன். சத்தத்தை வைத்தே சொன்னேன்.

கிணற்று மேட்டில் புதிதாக ஒரு இஞ்சின் கொட்டகை. உள்ளே சுவரில், குங்குமப் பொட்டு வைத்து, அந்தக் காகிதத் துண்டு. டிராக்டர் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே இருப்பதுதான் பிரசாதம் என்று அவ்வளவு சொல்லியும் இதை ஏன் வெளியே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“இஞ்சினுதான் எதுருலயே ஓடுதே, அதுக்கு எதுக்குங்க படம்? ரெண்டு பக்கமும் சாமி குடுத்ததுதான. ஒரு பக்கம் ஆச்சு.”

சொல்லிவிட்டு மேட்டுத் துண்டுப் பக்கம் கூட்டிப் போனார். நடுவரப்பு இரண்டையும் வெட்டி எடுத்து, மேலும் கீழுமாக இருந்த மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தார். உடைத்த பாறை ஓரமாகக் குவிந்து கிடந்தது. வெள்ளைக் காளைகள் மண்ணைப் பரம்படித்துக்கொண்டிருந்தன, கழுத்தில் பழைய சலங்கையோடு.

“வட்டம் போட்டுக் காட்னீங்களே, அந்த அளவுக்கு எடம் பண்ணினு இருக்கேன். சரியா வருதானு நீங்களே பாத்து சொல்லுங்க.”

அத்தனை வருஷம் படத்தில் பார்த்த வயல்கள் ஒன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. மனைவியை வரப்பிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மண்ணில் இறங்கி, தெருவில் நடந்த அதே வட்டத்தை நடந்து பார்த்தேன். முக்கால்வாசி வந்தபோது கால் பாறையில் இடித்தது. இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கொஞ்சம்தான்.