பன்னிரண்டாவது குழி

ஆம்பூரில் இருந்த எங்கள் தோல் பதனிடும் ஷாப்பை அத்தா விற்ற பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. போன மாதம் போனேன். அக்கா அனுப்பித்தான் போனேன். வாணியம்பாடியில் மகன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவள், "அந்தக் குழி மூடித்தான் இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு வாடா" என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டுவலி, வெயில், ரயிலில் நிற்க இடமில்லை என்று ஏதாவது சொல்லி நான் தட்டிக்கழித்தேன். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

எங்களிடம் சுண்ணாம்புக் குழிகள் பன்னிரண்டு, ஆறு ஆறாக இரண்டு வரிசை. ஆட்டுத்தோலை அதில் ஊறப்போட்டால் ரோமம் கழன்றுவிடும். கிளறாமல் விட்ட குழியின் மேல் சுண்ணாம்பு ஏடு கட்டும். அது காய்ந்து, புழுதியும் ரோமமும் படிந்தால் தரை போலவே இருக்கும். வேலைக்காரர்கள் வரிசையை மனதில் வைத்துத்தான் நடப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு, தம்பிக்கு நாலு. அவன் கையைப் பிடித்திருக்க வேண்டியவள் அக்கா. அவன் உதறிவிட்டு ஓடினான். கடைசிக் குழியின் ஏட்டில் கால் வைத்தான்.

யாரும் அக்காவை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள்தான் அன்றிலிருந்து எந்தக் குழந்தையையும் தூக்கவில்லை. அவள் பெற்ற மூன்றையும் மாமியார்தான் வளர்த்தாள். தம்பியை அடக்கம் செய்த மறுநாளே அத்தா பாலாற்று மணலைக் கொட்டிக் குழியை மூடினார். ஷாப்பை விற்கும்போது, அதை மட்டும் தோண்டக் கூடாது என்று கேட்டார். வாங்கியவர் அத்தாவின் கையைப் பிடித்துச் சரி என்றார்.

இப்போது நடத்துவது அவருடைய மகன். என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார், ஒரே சர்க்கரை. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறும் வாசனை மட்டும் மாறவில்லை. அத்தா பட்டைத் தண்ணீரில் விரல் தொட்டு நாக்கில் வைத்துத்தான் பதம் சொல்வார். தம்பியும் அப்படியே செய்து, முகத்தைக் கோணிக்கொண்டு, "கம்மி! கம்மி!" என்பான். வேலைக்காரர்கள் அவனை முதலாளி என்று கூப்பிடுவார்கள்.

டீயை வைத்துவிட்டுக் குழிகளை எண்ணினேன். முதல் வரிசையில் ஆறு. இரண்டாவது வரிசையில் ஐந்து இருக்க வேண்டும். ஆறு இருந்தது. மறுபடி எண்ணினேன். கடைசிக் குழியில் ஒருவன் இடுக்கியால் தோலை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா பெரியவரே, எண்ணிப் பாக்குறீங்க? ஒண்ணயும் நாங்க தூக்கினு போயிடல" என்று சிரித்தபடி வந்தவர், நான் பார்த்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்க அத்தா சாகும்போதும் சொல்லிட்டுத்தான் போனாரு. நானும் மூடித்தான் வெச்சிருந்தேன். சண்டக் காலத்துல பட்டாளத்துக்குன்னு தோலு மல மாதிரி வந்து குவிஞ்சிது. எடம் இல்ல. பாத்திஹா ஓதிட்டுத்தான் தோண்டுனேன் பெரியவரே."

சண்டை போடத்தான் வாய் வந்தது. அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். நான் ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

அக்காவிடம் மூடித்தான் இருக்கிறது என்று சொல்வதாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தோண்டிட்டாங்களா?"

"ஆமாக்கா."

அழுவாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பிறகு, "அங்க கொழந்தைங்க வருதா?" என்றாள்.

பட்டை இடிக்கிற கொட்டகையில், இடிக்கும் பெண்களின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வருது."

"எத்தினி?"

"அஞ்சு."

"குழிய சுத்தி வேலி கீலி இருக்கா?"

"இல்லக்கா."

முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அவள் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"போடா. இப்பவே போ. வேலி கட்டச் சொல்லு. கட்டி முடிக்கிற வரைக்கும் அங்கியே நில்லு."

இருட்டுவதற்குள் ஒரு ரயில் இருந்தது. செருப்பைத் தேடினேன்.